அண்ணாவிகளின் நாடு

தமிழ்நாட்டின் தென்கோடியில், கோட்டாற்றிலும் அதைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டு ஊர்களிலும், ‘அண்ணாவி’ என்ற சொல் இரண்டு வகையான மனிதர்களைக் குறித்து வழங்கியிருக்கிறது. திண்ணையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, விரலைப் பிடித்து மணலில் அகரம் எழுதப் பழக்கியவரும் அண்ணாவி. அம்மன் கொடையில் வில்லின் முன் அமர்ந்து விடிய விடியக் கதை பாடியவரும், நாடகத்துக்கு ஆட்களைத் தயார் செய்தவரும் அண்ணாவி. எழுத்தறிவிப்பவருக்கும் கதை பாடுபவருக்கும் ஒரே பெயரைச் சூட்டிய ஜனங்கள் கல்வியையும் கலையையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதை அந்த ஒரு சொல்லே புலப்படுத்துகிறது. இன்று கல்விக்கு ஓர் இலாகா, கலைக்கு ஓர் இலாகா, நூலகத்துக்கு ஓர் இலாகா என்று தனித்தனியே இயங்குகின்றன. ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரிவதில்லை. இப்பிரதேசத்தில் வாசிக்கும் பழக்கம் எவ்வாறு தோன்றி, யார் யார் கைவழியே வளர்ந்து, எங்கே தளர்ந்தது என்று சில ஆண்டுகளாகத் தேடியும் விசாரித்தும் வந்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே வாசகர்களை உண்டாக்கியது, பெரும்பாலும், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கந்தான். ஸ்தாபனங்கள் அந்த வழக்கத்துக்குத் துணைநின்றபோது பயன்பட்டன. அதை மறந்தபோது வெறும் கட்டடங்களாக நின்றுவிட்டன.

‘பாடம் படித்தான்’ என்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ‘பாடம் கேட்டான்’ என்று சொல்லிவந்த பாஷை நம்முடையது. உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார் என்றுதான் இன்றைக்கும் எழுதுகிறோம். கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் இந்தப் பழக்கத்தை நன்கு அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும். எனினும், யார் கேட்கலாம், யார் கேட்கலாகாது என்ற கேள்வியும் கேள்விச் செல்வத்தோடு கூடவே பிறந்துவிட்டது. நாஞ்சில் நாட்டுச் சரித்திரத்தில் அதற்கு ஆதாரம் தேடி அதிக தூரம் போகவேண்டியதில்லை.

விளவங்கோடு வட்டத்தில் முன்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் என்ற ஊர் இருக்கிறது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டு அங்கே விஷ்ணு கோயில் ஒன்றைக் கட்டி, அதனோடு இணைத்து ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது இங்கே பாதையன்று. மாணவருக்கு உணவும் உறையுளும் தந்து கல்வி புகட்டிய இடம். காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு அமைத்த அந்தக் கல்விச்சாலையில் சேர்த்துக்கொள்ளப்பட்ட சட்டர்கள், அதாவது மாணாக்கர்கள், 95 பேர். அவர்களில் வேதப் பிரிவுகளின்படி பவிழிய சரணத்தார் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14 என்று செப்பேடு கணக்குச் சொல்கிறது. சட்டர்கள் ஒருவரையொருவர் வைதால் அபராதம் என்றும், கூட்டங்களுக்கு ஆயுதத்தோடு வரலாகாது என்றும் அதில் விதிகள் கண்டிருக்கின்றன. விதி எழுதவேண்டி வந்ததென்றால் வசைக்கும் ஆயுதத்துக்கும் அங்கே பஞ்சமில்லை என்றுதானே அர்த்தம்! பதினோரு நூற்றாண்டுகளுக்கு முந்திய மாணவர் விடுதியின் சத்தம் அந்தச் செம்பில் இன்னும் கேட்கிறது. ஆனால் அந்த 95 இடங்களில் உழுகிறவன் மகனுக்கோ நெய்கிறவன் மகனுக்கோ இடம் இருந்ததில்லை.

அதே ஆய் மரபினர் ஆண்ட நாட்டில், குழித்துறைக்கு அணித்தாய்ச் சிதறால் மலை மேல், வேறொரு விதமான கல்வி நடந்திருக்கிறது. திருச்சாரணத்து மலை என்று கல்வெட்டுகள் குறிக்கும் அந்தச் சமணப் பள்ளியில் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் பகவதிக்குப் பொன் அணி அளித்தவர், பேராயிற்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி. குரவர் என்பதற்குப் பெண்பால் குரத்தி. தமிழகத்தில் பெண் ஆசிரியரைக் குறிக்கத் தனிச்சொல் ஒன்று வழங்கிய காலம் இருந்தது என்பதையும், அந்தச் சொல்லை நாம் முற்றிலும் மறந்து ‘டீச்சர்’ என்பதைக் கடன் வாங்கினோம் என்பதையும் சிதறால் மலைக்கு ஏறுகிற ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.

சாலைக்கும் மலைக்கும் வெளியே இருந்த பெருவாரியான ஜனங்களுக்கு வில்லுப்பாட்டுத்தான் கல்லூரி. அதை ஆராய்ச்சிக்காரர்கள் நிகழ்த்துகலை என்று வகைப்படுத்துகிறார்கள், தவறில்லை. ஆயினும் அதன் நடுவில் ஓர் ஏடு இருந்தது என்பதைச் சிலரே கவனிக்கிறார்கள். முத்துப்பட்டன் கதையும், நீலி கதையும், கணியாகுளத்தில் திருமலை நாயக்கர் படையோடு பொருது மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையும் ஓலையில் எழுதப்பெற்று, ஓர் அண்ணாவியிடமிருந்து மற்றோர் அண்ணாவிக்குப் படியெடுத்துக் கைமாறியவை. புலவர் வீசுகோலால் நாணைத் தட்ட, பக்கத்திலிருப்பவர் குடத்தின் வாயைப் பத்தியால் அறைய, உடுக்கும் ஜால்ராவும் சேர்ந்துகொள்ள, நள்ளிரவு தாண்டிக் கதை உச்சத்துக்கு வரும்போது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிழவிகள் பாடுபவர் ஒரு வரியை விட்டுவிட்டால் உடனே ‘அங்கே ஒண்ணை முழுங்கிட்டீரே’ என்று தடுப்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத அந்த மூதாட்டிகளைப் போலப் பாடபேதம் அறிந்த பதிப்பாசிரியர்கள் நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த வழக்கத்தின் உச்சநிலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாமிதோப்புக்குப் போகவேண்டும். அய்யாவழி நெறியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டரின் சீடரான அரிகோபாலன் 1841இல் எழுதியதாக அன்பர்கள் கூறும் அகிலத்திரட்டு அம்மானை, 1939இல்தான் அச்சேறியது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அது ஓலையிலும் ஓசையிலுமே வாழ்ந்தது. பதினையாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளைக் கொண்ட அந்நூலைக் கார்த்திகை மாதத்தில் 17 நாள் தொடர்ந்து வாசிக்கும் விழாவுக்குத் திருஏடு வாசிப்பு என்று பெயர். ஊர் ஊராக இருக்கும் நிழல் தாங்கல் என்ற சிறு வழிபாட்டிடங்களிலும் அவரவர் வசதிப்படி இவ்வாசிப்பு நடக்கிறது. தோள்சீலைக்காகப் போராட நேர்ந்த, கோயில் வீதிகளில் நடப்பதற்கே தடை இருந்த மக்கள், தங்களுக்கென ஒரு நூலை வைத்துக்கொண்டு, தலைப்பாகை கட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, அதைத் தாங்களே வாசித்துத் தாங்களே பொருள் சொல்லிக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். அதற்கு ஒரு தலைமுறைக்கும் முன்னாலேயே இந்த ஜனங்கள் புஸ்தகப் பிரவேசம் செய்துவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய தாங்கலில் நான் கண்ட காட்சியை இங்கே எழுத ஆசைப்படுகிறேன். நெற்றியில் வெண்ணாமம் துலங்க ஒருவர் ராகத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்திய இடத்தில் இன்னொருவர் பொருள் விரித்தார். எனக்கு முன்னால் தரையில் ஒரு பாட்டியும் பத்து வயசுப் பேத்தியும். பாட்டியின் உதடுகள் வாசிப்பவரை ஓரடி முந்திக்கொண்டு அசைந்தன. அவள் கையில் புத்தகம் இல்லை, இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அவளுக்கு எழுத்துத் தெரியாது. பேத்தியின் மடியில் அச்சுப் புத்தகம் விரிந்திருந்தது. குழந்தை வரியின் அடியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் தவறிவிட்டது. பாட்டி பேத்தியின் முகத்தைப் பார்த்து, அடுத்த அடியின் முதற்சொல்லை மெதுவாகச் சொன்னாள். விரல் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து மீண்டும் ஓடத் தொடங்கியது. வாசிப்புப் பயிற்சி குறித்துக் கல்வி நிபுணர்கள் நடத்தும் கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தில் கற்றதை அவற்றில் நான் கற்றதில்லை.

பாதிரிமார்கள் செய்த தொண்டு எல்லோரும் அறிந்தது. ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன். ரிங்கல்தௌபே 1806இல் இப்பகுதிக்கு வந்து மயிலாடியில் சபையையும் பள்ளியையும் ஏற்படுத்தினார். அவருக்குப் பின் வந்த மீட் நாகர்கோவிலைத் தலமாக்கிக்கொண்டார், அச்சுக்கூடம் வந்தது. 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார்கள். படிப்பில் ஊசி நூலுக்கும் இடம் கொடுத்ததனால்தான் அந்தப் பள்ளி நிலைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்ட தகப்பன்மாருக்கு லேஸ் விற்ற காசு விடை சொல்லியிருக்கும். கோட்டாற்றுச் சவேரியார் கோயிலைச் சுற்றிய கத்தோலிக்கக் குடும்பங்களில் ஜெபப் புத்தகமும் புனிதர் சரித்திரமும் மாலைப் பொழுதில் உரக்க வாசிக்கப்பட்டு வந்ததையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரிடம் வரும்போது, அண்ணாவி என்ற சொல் தன் இரு பொருளோடும் நம் முன் வந்து நிற்கிறது. மலையாளக் கல்வியே ஓங்கியிருந்த அக்காலத்தில், தமிழ் கற்க ஆசைப்பட்ட அந்த முஸ்லிம் சிறுவனுக்கு இலக்கண இலக்கியங்களைச் சொல்லிக்கொடுத்தவர் சங்கரநாராயண அண்ணாவி. பின்னாளில் பாவலர் சீறாப்புராணத்துக்கு உரை கண்டதும், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று எழுந்த பெரும் வழக்கில் அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டதும், அந்தத் திண்ணையில் விதைத்த வித்தின் விளைவுகள். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் செய்தார். ஒரே நேரத்தில் ஈற்றடிக்கு வெண்பா முடித்து, கணக்குக்கு விடை கூறி, முதுகில் விழும் கற்களையும் ஒலிக்கும் மணியையும் எண்ணிக்கொண்டு, சதுரங்கமும் ஆடி, நூறு விஷயங்களில் மனத்தைச் சிதறாமல் நிறுத்திக் காட்டுவது அவதானம். இன்று அதைச் சர்க்கஸ் வித்தை போலப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பதவுரை, பொழிப்புரை என்று ஒரு நூலை மெல்ல மெல்லப் படிக்கும் பொறுமையையும், கூட்டத்தின் முன் அதையே உயிருள்ள பேச்சாக்கும் ஆற்றலையும் ஒருவரே பெற்றிருந்ததால்தான், பாவலர் பேசிய ஊர்களில் படிப்பில்லாதவரும் இலக்கியத்தைத் தம் சொத்தாக எண்ணினார்கள். அவர் 1950இல் காலமானார்.

இந்தப் பரம்பரையின் நடுநாயகம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரைக் கவிஞராகவே கொண்டாடிக் கொண்டாடி, அவர் வயிறு வளர்த்த தொழிலை நாம் மறந்துவிட்டோம். தேரூரில் 1876இல் பிறந்த அவர், கோட்டாறு ஆரம்பப் பள்ளியிலும், நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும், திருவனந்தபுரம் பெண்கள் போதனாமுறைப் பாடசாலையிலுமாக 36 ஆண்டுகள் உபாத்தியாயராக இருந்தவர். முதலில் குழந்தைகளுக்கு ஆசிரியர். பிறகு ஆசிரியர்களுக்கு ஆசிரியர். அவருடைய குழந்தைப் பாட்டுகளை இந்த இரண்டாவது உத்தியோகத்தோடு சேர்த்துப் படிக்கிறவர்களுக்கே அவற்றின் ரகசியம் விளங்கும் என்பது என் துணிபு. பசுவையும் கன்றையும் பற்றி அவர் எழுதிய, தமிழ்க் குழந்தைகள் எல்லோரும் அறிந்த அந்தச் சிறு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொற்கள் யாவும் நான்கு வயசுக் குழந்தையின் வாய்க்கு அடங்கியவை. சந்தம் கைதட்டலுக்கு இசைந்தது. ஒவ்வோர் அடியும் கண்ணால் காணத்தக்க ஒரே ஒரு செய்கையோடு முடிந்துவிடுகிறது. ஆகவே, ஆசிரியை பாட, பிள்ளைகள் திருப்பிப் பாட, அபிநயம் தானாகவே பிறக்கிறது. அதன் பிறகு அதே பாட்டைப் பலகையில் எழுதிக் காட்டினால், குழந்தை தனக்கு முன்பே தெரிந்ததை எழுத்தில் அடையாளம் கண்டு மகிழ்கிறது. தாங்கலில் பேத்தியின் விரல் செய்ததும் இதுதான். மேல்நாட்டார் இதற்கு ஆயிரம் சாஸ்திரம் எழுதியிருக்கலாம். கவிமணி பாட்டாகவே எழுதிவிட்டார்.

அவர் குழந்தைகளோடு நின்றுவிட்டவருமல்லர். சொத்து சகோதரியின் மகனுக்குப் போகும் மருமக்கள்வழி உரிமையால் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்கள் அலைக்கழிந்ததை, ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லாகவே வைத்து, நகையும் கண்ணீரும் கலந்து பாடிய மருமக்கள்வழி மான்மியத்தைத் ‘தமிழன்’ பத்திரிகையில் தொடராக வெளியிட்டார். வீட்டுத் திண்ணைகளில் அது உரக்க வாசிக்கப்பட்டது, காரணவர்கள் முகஞ்சுளித்தார்கள். அவ்வழக்கத்தைச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது 1926இல். ஒரு பாட்டு சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது என்று சொல்லும் அளவுக்கு நான் கவிதாபிமானி அல்லன். வழக்காடியவர்களும் மகஜர் கொடுத்தவர்களும் பலர். ஆயினும், பெண்கள் அடுக்களையில் முணுமுணுத்ததை ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து கேட்கும்படி செய்தது அந்த நூல். எட்வின் ஆர்னால்டைத் தழுவிய ஆசிய ஜோதியும் உமார் கய்யாம் பாடல்களும் பின்னால் வந்தன. காந்தளூர்ச் சாலை குறித்து அவர் எழுதிய ஆராய்ச்சி 1939இல் வெளியாயிற்று. எழுத்து வாசனையற்ற குழந்தைகளுக்காகப் பாட்டுக் கட்டிய அதே மனிதர், சிலருக்கு மட்டுமே திறந்திருந்த பழங்காலச் சாலையின் கல்வெட்டுகளை மண்ணைத் துடைத்துப் படித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு தனி உவகை ஏற்படுகிறது. 1931இல் ஓய்வுபெற்றுப் புத்தேரியில் தங்கியிருந்த அவருக்குச் சென்னையில் கவிமணி என்ற பட்டம் அளிக்கப்பட்டது 1940இல். அதற்குள் அவருடைய மாணவர்களின் மாணவர்களே உபாத்தியாயர்கள் ஆகியிருந்தார்கள்.

பூதப்பாண்டி ஜீவானந்தத்தை அரசியல்வாதியாக அறிந்தவர்கள், அவர் சேரன்மாதேவி குருகுலத்திலும் பின்னர் சிராவயல் ஆசிரமத்திலும் ஆசிரியராக இருந்தவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1927இல் காந்தியடிகள் சிராவயலுக்கு வந்து அவரைச் சந்தித்தார். கம்பனையும் பாரதியையும் தொழிலாளர் கூட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தக் கண்டம், வில்லடி அண்ணாவியின் கண்டம் என்றே நான் கருதுகிறேன். ‘தாமரை’ பத்திரிகை 1959இலும், கலை இலக்கியப் பெருமன்றம் 1961இலும் அவரால் தோன்றின. ஒழுகினசேரிக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோ, சுப்பு ஆறுமுகம் எழுதிய காந்தி மகான் கதையை எடுத்துக்கொண்டு வில்லையே பட்டணத்து மேடைகளுக்கு ஏற்றிவிட்டார்.

இனி நூலகங்களின் விஷயம். 1956 நவம்பர் முதல் தேதி வரை நாஞ்சில் நாடு மலையாள ராஜ்யத்தோடு இருந்தது. அங்கே பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர், 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கினார். ஊரார் சேர்ந்து வைத்த வாசகசாலை, ஊரார் பேசும் இடம், எழுத்தறியாதாருக்குப் படித்துக் காட்டும் இடம் என்பதே அந்த இயக்கத்தின் சுபாவம். சென்னை ராஜ்யத்திலோ, எஸ்.ஆர். ரங்கநாதனின் பிரயாசையால் 1948இலேயே பொதுநூலகச் சட்டம் நிறைவேறிவிட்டது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதல் சட்டம். கேரளத்தில் சட்டம் வந்தது 1989இல். நம்மிடம் சட்டம் முதலில் வந்தது. அவர்களிடம் ஜனங்கள் முதலில் வந்தார்கள். எல்லைக் கோடு மாறியபோது இப்பகுதியின் நாலு தாலுகாக்களும் சட்டத்தின் பக்கம் வந்து சேர்ந்தன. தமிழோடு சேர்ந்ததில் எனக்குத் துக்கமில்லை, சந்தோஷமே. ஆனால் வாசகசாலைப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கலாமே என்ற ஆதங்கம் உண்டு.

சட்டம் அலமாரியைக் கொடுக்கும். நான் படித்த பள்ளியிலும் அது இருந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நீல அட்டையும் சிவப்பு அட்டையுமாகப் புத்தகங்கள் தெரியும், சாவி தலைமையாசிரியரிடம். புத்தகம் தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று அவருக்குப் பயம். ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வாசிக்கக் கற்பித்தது கோட்டாற்றுச் சந்தைதான். பலசரக்குக் கடைத் திண்ணையில் காலையில் வரும் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, மூட்டை இறக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் நின்று கேட்பார்கள். ஒரு நாள் படிப்பவர் வரவில்லை. நானும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்று தெரிந்த கடைக்காரர் ‘லேய், நீ வாசி’ என்றார். தொடர்கதையின் அந்த வாரத்து அத்தியாயத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்தேன். கதாநாயகி அழும் இடத்தில் ஒரு வண்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று முதல் பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைக்கூட நான் படிக்காமல் எறிந்ததில்லை.

கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் இந்த வழக்கம் உண்டு; தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து ஒரு வாசகரை அமர்த்தி, சுருட்டுச் சுற்றிக்கொண்டே நாவல்களைக் கேட்டார்கள். கண்ணூர் பீடித் தொழிலாளரும் அவ்வாறே பத்திரிகை கேட்டார்கள். கோட்டாற்றுச் சந்தைக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இதுவரை சொன்னதற்கு ஓர் ஆட்சேபணை உண்டு. அதை எழுப்பக்கூடியவர் சாமான்யரல்லர். நாகர்கோவிலில் ஜவுளிக் கடை நடத்திய சுந்தர ராமசாமி, பதினெட்டு வயசுக்குப் பிறகே தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். மேடைப் பேச்சின் ஆரவாரத்தைக் கண்டு அவர் அருவருத்தார். மௌனமாக, தனிமையில், சொல் சொல்லாக நிறுத்திப் படிப்பதையே வாசிப்பு என்று மதித்தார். செவி வழியாக வருவது மயக்கும், சிந்திக்கவிடாது என்ற கட்சியில் நியாயம் இருக்கிறது: ஜீவாவின் பேச்சைக் கேட்டுக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்க் கம்பனைத் திறந்தார்கள்? ஆனாலும் அவருடைய வீட்டில்தான் ‘காகங்கள்’ என்ற பெயரில் எழுத்தாளரும் வாசகரும் கூடினார்கள். கட்டுரை வாசித்தார்கள், சண்டை போட்டார்கள். மௌனத்தைப் போற்றியவரின் வீடு, நாஞ்சில் நாட்டிலேயே அதிகம் பேச்சு நடந்த வீடுகளில் ஒன்றாயிற்று! அவர் ‘காலச்சுவடு’ பத்திரிகையைத் தொடங்கியது 1988இல். துணைவேந்தராக இருந்த வே. வசந்தி தேவியோடு அவர் நடத்திய நீண்ட சம்பாஷணை ‘தமிழகத்தில் கல்வி’ என்ற நூலாக 2000இல் வெளியாயிற்று. ஓர் ஆசிரியர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது புரட்டவேண்டிய புத்தகம் அது.

சுந்தர ராமசாமியின் நண்பர் அழகியபாண்டியபுரம் கிருஷ்ணன் நம்பி, சசிதேவன் என்ற பெயரில் எழுதிய குழந்தைக் கவிதைகள் 1965இல் ‘யானை என்ன யானை’ என்று தொகுப்பாயின. கவிமணிக்குப் பிறகு இப்பகுதியில் குழந்தையின் செவியை உணர்ந்து எழுதியவர் அவர் ஒருவரே. 1976இல் இளவயதிலேயே போய்விட்டார். கல்வித் துறையில் அதிகாரியாக இருந்த பொன்னீலன் நாவலாசிரியராகப் பெற்ற புகழைப் பலரும் அறிவர். அவருடைய தாயார் அழகிய நாயகி அம்மாள், பள்ளிப் படிப்பு அதிகமில்லாமலே தம் வாழ்க்கையை நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்ததும், அது ‘கவலை’ என்ற பெயரில் 1998இல் நூலானதும் அதைவிடப் பெரிய விஷயம் என்பேன். கேட்ட கதைகளும் பழமொழிகளும் வசைகளும் ஒப்பாரியும் அவர் பேச்சோடு பேச்சாக அந்நூலில் ஓடிவருகின்றன. காது நிறைந்தால் கை எழுதும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? நாஞ்சில் நாடன் பிழைப்புக்காகப் பம்பாய்க்குப் போன இடத்தில் கம்பராமாயணத்தைப் பாடம் கேட்டவர். பிறகு தம் வாசகர்களுக்குக் கம்பனைப் பாடம் சொல்லத் தொடங்கினார். ஜெயமோகனின் நவீனத் தமிழ் இலக்கிய அறிமுக நூல், எதை முதலில் படிப்பது, எப்படிப் படிப்பது என்று கேட்கும் இளைஞனின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும் தொனியில் அமைந்தது. அவருடைய பட்டியல்களோடு சண்டையிடுவதற்காகவே பல நூல்களைப் படித்தவர்களை நான் அறிவேன். அ.கா. பெருமாள் பறக்கையில் பிறந்து, கல்லூரியில் தமிழ் போதித்துக்கொண்டே, வில்லுப்பாட்டுக்காரர்களையும் தோல்பாவைக்கூத்துக் குடும்பங்களையும் வீடு வீடாகத் தேடிப் போய், அவர்களுடைய ஏடுகளையும் நினைவுகளையும் நூலாக்கியவர். கதை பாடிய அண்ணாவியின் கதையைப் பாடம் சொன்ன அண்ணாவி எழுதிவைத்தார் என்று இதைச் சொல்லலாம்.

கோட்டாற்றில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி கவிமணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இடலாக்குடிப் பள்ளிக்குப் பாவலரின் பெயர். பெயர் வைப்பதில் நமக்குக் குறையில்லை. என் குறை வேறு. ஆரம்ப வகுப்புகளைத் தாண்டியபின், நம் பள்ளிகளில் ஆசிரியர் பாடப்புத்தகம் அல்லாத ஒரு நூலை எடுத்து வகுப்பில் உரக்க வாசிப்பது அநேகமாக நின்றுபோயிற்று. பரீட்சைக்கு வராததை வாசிக்க நேரமில்லை என்கிறார்கள். வாசிப்பு வாரம் கொண்டாடுகிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள், புகைப்படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு நல்ல சிறுகதையை உரக்கப் படிக்க இருபது நிமிஷம் போதும். வாரத்துக்கு ஒரு நாள், கடைசிப் பீரியடில், அந்த இருபது நிமிஷத்தைக் கொடுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அலமாரிச் சாவியையும் கதவிலேயே விட்டுவையுங்கள்.

உரக்க வாசிப்பதன் பயனை நம்பத் தயங்குகிறவர்கள் கார்த்திகையில் சாமிதோப்புக்கு வரலாம். கோட்டாற்றிலிருந்து அரை மணிப் பயணம். 17 நாளும் வாசிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் தரையில் உட்கார்ந்து கேட்கலாம்.